தரப்படுத்தலின் நினைவும் இங்கிலாந்தின் பல்கலைக்கழக அனுமதியும்

ஒரு பரீட்சை, அதில் ஒரு மொத்தப் புள்ளி, அதற்கு ஒரு வெட்டுப்புள்ளி. பல்கலைக்கழக அனுமதி என்றதும் எம்மில் பெரும்பாலானோரின் மனதில் எழுவது இந்தச் சித்திரம்தான். விடைத்தாளைத் திருத்துபவருக்கு மாணவரின் முகமோ ஊரோ தெரியாது. சுட்டெண் மட்டுமே தெரியும். அந்த முகமின்மைதான் நீதி என்று நாம் நம்பினோம். 1971ஆம் ஆண்டு அனுமதியின்போது அந்தப் புள்ளியில் அரசு கைவைத்ததும், அது ஒரு தலைமுறையின் அரசியலையே திசைமாற்றியதும் இச்சஞ்சிகையின் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்லவேண்டியவை அல்ல. நான் சொல்ல வருவது வேறு. அந்த நினைவைச் சுமந்தபடி இங்கு வந்த பெற்றோரில் பலர் இந்நாட்டின் அனுமதி முறையைப் பிழையாக வாசிக்கிறார்கள். அந்த வாசிப்புக்கு இங்கு வளர்ந்த பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள். (ஸ்கொட்லாந்தின் பரீட்சை முறையும் கட்டண முறையும் வேறு, இக்கட்டுரை இங்கிலாந்தைப் பற்றியது மட்டுமே.)

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். இளநிலைப் பட்டப்படிப்புக்கான விண்ணப்பங்கள் யூகாஸ் என்ற ஒரே நிறுவனத்தின் ஊடாகவே செல்கின்றன. பல்கலைக்கழகங்களுக்கு ஒன்றும் பொலிரெக்னிக்குகளுக்கு ஒன்றுமாக இருந்த இரு அமைப்புகள் இணைந்து 1993இல் உருவானது அது. ஒரு மாணவர் ஐந்து தெரிவுகளைக் குறிப்பிடலாம். மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்கு நான்குதான். ஐந்தாவதை வேறொரு துறைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே விண்ணப்பிக்க முடியும். இவ்விரு பல்கலைக்கழகங்களுக்கும் மேற்சொன்ன மருத்துவத் துறைகளுக்கும் ஒக்ரோபர் 15 முடிவுத் திகதி; ஏனையவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஜனவரி. பரீட்சை மே, ஜூன் மாதங்களில். பெறுபேறு ஓகஸ்ற் நடுப்பகுதியில்.

இந்த ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். விண்ணப்பம் முன்னால், பரீட்சை பின்னால். 'இன்ன தரங்கள் எடுத்தால் இடம் தருகிறோம்' என்ற நிபந்தனையுடனான வாக்கைப் பல்கலைக்கழகம் பரீட்சைக்கு முன்னரே கொடுத்துவிடுகிறது. வந்த வாக்குகளில் ஒன்றை முதல் தெரிவாகவும் இன்னொன்றைக் காப்புத் தெரிவாகவும் வைத்துக்கொண்டுதான் பிள்ளை பரீட்சை மண்டபத்துக்குள் போகிறது. இரண்டும் கைநழுவினால் கிளியறிங் எனப்படும் மிச்ச இடங்களின் சந்தை இருக்கிறது. ஒருகாலத்தில் அது அவமானமாகக் கருதப்பட்டது. இன்று நல்ல பல்கலைக்கழகங்களும் அங்கே இடங்களை வைக்கின்றன. பெறுபேறு வந்த அன்று காலையிலேயே தொலைபேசியில் கேட்டு இடம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, வாக்கு எதை வைத்துக் கொடுக்கப்படுகிறது? பிரதானமாக, ஆசிரியரின் எதிர்வுகூறலை வைத்து. இந்த மாணவி ஏ லெவலில் இன்ன தரங்கள் எடுப்பாள் என்று பாடசாலை எழுதிக் கொடுக்கிறது. முன்னர், பன்னிரண்டாம் ஆண்டு முடிவில் எழுதும் ஏ.எஸ். பரீட்சையின் பெறுபேறு ஏ லெவலின் பாதியாகக் கணிக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தின் கையில் ஒரு மெய்யான புள்ளியாவது இருந்தது. 2015 செப்ரெம்பரில் தொடங்கிய சீர்திருத்தம் ஏ.எஸ். பரீட்சையை ஏ லெவலில் இருந்து வெட்டிப் பிரித்துவிட்டது. பெரும்பாலான பாடசாலைகள் அதன்பின் அதை நடத்துவதையே கைவிட்டன. இப்போது பதினாறு வயதில் எழுதிய ஜீ.சி.எஸ்.ஈ. பெறுபேறும் ஆசிரியரின் எதிர்வுகூறலும்தான் எஞ்சியிருக்கின்றன. எதிர்வுகூறலோ பன்னிரண்டாம் ஆண்டின் கோடைகாலத்தில் பாடசாலைக்குள் நடக்கும் பரீட்சையையே பெரிதும் சார்ந்திருக்கிறது. எமது ரியூசன் கலாசாரம் உச்சத்துக்குப் போவது பதின்மூன்றாம் ஆண்டின் தை மாதத்தில். அந்நேரம் விண்ணப்பம் போய்ச் சேர்ந்து, சில இடங்களில் மறுப்பும் வந்துவிட்டிருக்கும்.

மருத்துவத்தில் இது இன்னும் கூர்மையானது. பீமற் என்ற நுழைவுப் பரீட்சை 2023உடன் முடிவுக்கு வந்தது. யூகற் மட்டுமே எஞ்சியது. அதையும் விண்ணப்பிக்க முன்னர் கோடைகாலத்திலேயே எழுதி முடிக்க வேண்டும். 2025இல் அதிலிருந்து வடிவங்களைப் பற்றிய பகுதி நீக்கப்பட்டு, மொத்தப் புள்ளி 3600இல் இருந்து 2700 ஆகியது. அண்ணன் எடுத்த புள்ளியோடு தங்கை எடுத்த புள்ளியை ஒப்பிட்டு வீட்டில் சண்டை பிடிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எதிர்வுகூறல் எவ்வளவு நம்பகமானது? பொருளியலாளர் கில் வைனஸ் 2016இல் வெளியிட்ட ஆய்வில், எதிர்வுகூறப்பட்ட புள்ளிகளைச் சரியாக எடுத்தவர்கள் 16 வீதத்தினர் மட்டுமே. 75 வீதமானோருக்கு உண்மையில் எடுத்ததைவிடக் கூடுதலாகவே எதிர்வுகூறப்பட்டிருந்தது. அப்படியானால் பிள்ளைகளுக்கு நன்மைதானே என்று தோன்றும். ஆனால் அதே ஆய்வின் இன்னொரு முடிவு முக்கியமானது. மிகத் திறமையாகச் செய்த மாணவர்களுக்குள், வசதி குறைந்த பின்னணியில் இருந்து வந்தவர்களுக்கே குறைத்து எதிர்வுகூறப்படும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. தனியார் பாடசாலையில் பெற்றோர் ஆசிரியரைச் சந்தித்து, இந்தத் தரம் ஏன், இதை உயர்த்த என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். எம்மவர் ஆசிரியர் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு வருகிறார்கள். வாத்தியாரோடு வாதிடக்கூடாது என்ற மரியாதை அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் வாதிடும் தயக்கமும் சேர்ந்தே இருக்கிறது.

பெறுபேறு வந்தபின் விண்ணப்பிப்பது என்ற எளிய மாற்றத்தை 2004இலேயே சுவார்ட்ஸ் குழு பரிந்துரைத்தது. 2021இல் அரசு மீண்டும் கருத்துக் கேட்டது. 2022 பெப்ரவரியில் கைவிட்டது.

இடையில் 2020 வந்தது. பெருந்தொற்றினால் பரீட்சைகள் இரத்தாகின. ஆசிரியர்கள் கொடுத்த தரங்களைப் பரீட்சை ஒழுங்கமைப்பு நிறுவனமான ஒஃப்குவால் ஒரு கணிப்பு முறையினுள் இட்டு மாற்றியது. ஒவ்வொரு பாடசாலையும் முந்தைய ஆண்டுகளில் எடுத்த பெறுபேறே அதன் அடிப்படை. ஓகஸ்ற் 13இல் பெறுபேறு வந்தபோது ஆசிரியர் கொடுத்த தரங்களில் ஏறத்தாழ 40 வீதமானவை குறைக்கப்பட்டிருந்தன. நலிந்த பாடசாலையில் படித்த கெட்டிக்காரப் பிள்ளை, தனக்கு முன்னர் அங்கு படித்தவர்களின் பெறுபேற்றுக்குள் அடைக்கப்பட்டது. சிறிய வகுப்புகளில் ஆசிரியரின் தரமே பெரிதும் ஏற்கப்பட்டதால் தனியார் பாடசாலைகள் தப்பித்துக்கொண்டன. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஓகஸ்ற் 17இல் அரசு பின்வாங்கி ஆசிரியர் கொடுத்த தரங்களையே ஏற்றது. அந்தக் கணிப்பு முறைக்கு ஒஃப்குவால் சூட்டியிருந்த பெயரைத் தமிழில் சொன்னால் 'தரப்படுத்தல்' என்றுதான் சொல்லவேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டு லண்டனில் ஒரு சாதாரண ஆங்கிலேயப் பெற்றோருக்கு எதுவும் நினைவுக்கு வந்திராது. எமக்கு வந்திருக்க வேண்டும்.

தரங்களுக்கு அடுத்தது மாணவர் தன்னைப் பற்றி எழுதும் கூற்று. 4000 எழுத்துகளுக்குள் ஒரே கட்டுரையாக எழுதப்பட்டுவந்த அது 2026 அனுமதியில் இருந்து மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டது. இந்தக் கற்கைநெறியை ஏன் தெரிவுசெய்கிறீர்? உமது படிப்பும் தகைமைகளும் இதற்கு எவ்வாறு உம்மைத் தயார்ப்படுத்தின? படிப்புக்கு வெளியே வேறென்ன செய்தீர், அது ஏன் பயனுள்ளது? ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்துகள். மொத்தம் பழையபடி 4000. ஆசிரியரின் சிபாரிசுக் கடிதமும் 2024 அனுமதியில் இருந்து மூன்று பகுதிகளாக ஒழுங்குபடுத்தப்பட்டது. கட்டுரையைச் செதுக்கிக் கொடுக்க ஆளில்லாத பிள்ளைகளுக்கு இது இலகுவாக இருக்கும் என்பது யூகாஸ் சொல்லும் காரணம். ஓரளவுக்கு நியாயம்தான். ஆனால் மூன்றாவது கேள்வி அப்படியே இருக்கிறது. தகப்பனின் நண்பரது சட்ட நிறுவனத்தில் இரண்டு வாரம் இருந்துவிட்டு வரும் பிள்ளைக்கு அதை நிரப்புவது சிரமமில்லை.

எமது பிள்ளைகள் இங்கேதான் தாங்களாகவே பின்வாங்குகிறார்கள். பத்து வயதில் இருந்து தாயாருக்காக வைத்தியசாலையில் மொழிபெயர்த்தவள், உள்நாட்டமைச்சின் கடிதத்தை வாசித்து அதற்குப் பதில் எழுதியவள், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் சிறுவர்களுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவள், தகப்பனின் கடையில் மாலைநேரம் கல்லாவில் நின்றவள், இவை எதையும் எழுதுவதில்லை. வீட்டுக் கதையை வெளியில் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டிருக்கிறாள். அதற்குப் பதிலாக எங்கோ பணம் கொடுத்து வாங்கிய, யாருக்கும் பொருந்தக்கூடிய நான்கு பந்திகளை ஒப்பிக்கிறாள். யூகாஸ் இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிறது என்பதைப் பலர் அறியார். 2007இல் 50,000 விண்ணப்பங்களைச் சோதித்தபோது, எட்டு வயதில் இரசாயனப் பெட்டியோடு விளையாடி இரவு உடுப்பில் ஓட்டை போட்ட கதையை 234 பேர் எழுதியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அத்தனை பேரும் ஒரே இடத்தில் சுட்ட கதை. இப்போது கதை எழுதிக் கொடுக்கக் கணினியே இருக்கிறது. சட்டம் படிக்க விரும்புபவளுக்கு உள்நாட்டமைச்சின் மறுப்புக் கடிதத்தை வரிவரியாக வாசித்த அனுபவத்தைவிடப் பெரிய தகைமை என்ன இருக்கமுடியும் என்று எனக்கு விளங்கவில்லை. அந்த அனுபவம் அவளுக்கு என்ன கற்றுத் தந்தது என்பதையும் அவள் எழுத வேண்டும். பட்ட துயரத்தை மட்டும் எழுதினால் கேள்விக்கு விடையாகாது.

இனி விவாதத்திற்குரிய இடத்துக்கு வருகிறேன். பல பல்கலைக்கழகங்கள் இப்போது மாணவரின் சூழலைக் கருத்தில் எடுத்து நிபந்தனையைத் தளர்த்துகின்றன. மற்றவருக்கு மூன்று ஏ கேட்கும் துறைக்கு இவருக்கு ஒன்று அல்லது இரண்டு தரம் குறைத்துக் கேட்கும். பல்கலைக்கழகத்துக்குச் செல்வோர் குறைந்த பகுதியில் வசிப்பது, பாடசாலையில் இலவச மதிய உணவு பெற்றது, அரச பராமரிப்பில் வளர்ந்தது, பெற்றோர் பட்டதாரிகள் அல்லாதது, சில இடங்களில் அகதியாக இருப்பது ஆகியன அளவுகோல்கள். இவை பற்றிய புதிய கேள்விகள் 2023 அனுமதியில் இருந்து யூகாஸ் படிவத்தில் சேர்க்கப்பட்டன. பதில் சொல்வது கட்டாயமில்லை.

எம்மவர் இதை எதிர்கொள்ளும் விதம் விசித்திரமானது. 'இது இங்கத்தைத் தரப்படுத்தல்' என்பார்கள். எமது பிள்ளை திறமையால் போகவேண்டும், சலுகையால் அல்ல என்பார்கள். படிவத்தின் அந்தப் பகுதியை வெறுமையாக விடச் சொல்வார்கள். அகதி என்று ஒருமுறை எழுதிவிட்டால் அது காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும் என்ற பயமும் கூடவே இருக்கிறது. (அக்கேள்வி விண்ணப்பதாரரின் சொந்த அந்தஸ்தைப் பற்றியது. இங்கு பிரஜையாகப் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரின் அகதி வாழ்வு அந்தப் பெட்டிக்குள் வராது.)

இரண்டும் ஒன்றா? 1971 அனுமதியில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியவருக்கு 250 புள்ளியும் சிங்களமொழி மூலம் தோற்றியவருக்கு 227 புள்ளியும் போதுமானவையாக வைக்கப்பட்டன. அங்கு பார்க்கப்பட்டது மொழி. கொழும்பின் பெரிய கல்லூரியில் படித்த வசதியான சிங்கள மாணவனுக்கும் மொனராகலையின் விவசாயி மகனுக்கும் ஒரே தளர்வு. மன்னாரின் மீனவர் மகளுக்கு ஒரு தளர்வும் இல்லை. இனரீதியான பாகுபாடு என்று அதை நாம் அழைத்தது முற்றிலும் சரி. இங்கிலாந்தின் தளர்வோ இனத்தையோ மொழியையோ பார்ப்பதில்லை. அந்தப் பிள்ளை எந்தத் தெருவில் இருந்து, எந்தப் பாடசாலையில் இருந்து வந்தது என்று பார்க்கிறது. பெற்ற புள்ளியை மாற்றுவதுமில்லை. எந்தப் புள்ளி போதும் என்ற நிபந்தனையைத்தான் மாற்றுகிறது.

இதோடு நிறுத்திக்கொண்டால் எமக்கு வசதியாக இருக்கும். ஆனால் 1974இல் வந்த மாவட்டக் கோட்டாவை என்ன செய்வது? மொழிவாரித் தரப்படுத்தலில் இருந்து அது அடிப்படையில் வேறானது. யாழ்ப்பாணமும் கொழும்பும் அதில் இடங்களை இழந்தன. மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, அம்பாறை போன்ற மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு முன்னர் எட்டாதிருந்த கதவு ஓரளவு திறந்தது. அவர்களில் தமிழ் பேசுவோர் கணிசமானோர். எமது மேடைகளிலோ 'தரப்படுத்தல்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டும் போட்டு மூடப்பட்டன. யாழ்ப்பாணத்தின் இழப்பு தமிழரின் இழப்பாகவும், மட்டக்களப்பின் ஆதாயம் பேசத்தகாத விடயமாகவும் ஆகின. கோட்டாவைக் கொண்டுவந்த அரசின் நோக்கம் தூய்மையானது என்று நான் வாதிடவில்லை. விளைவைச் சொல்கிறேன். இன்றும் இலங்கையில் பெரும்பாலான துறைகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமைக்கும் 55 வீதம் மாவட்டங்களுக்கும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. போர் தின்ற முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் இருந்து மருத்துவபீடம் போகும் பிள்ளைகளில் பலர் அந்த ஏற்பாட்டினால்தான் போகிறார்கள். அதை எதிர்த்து யாழ்ப்பாணத்தில் யாரும் ஊர்வலம் போவதில்லை.

'திறமை' என்ற கூக்குரலை இங்கிலாந்தில் எழுப்பியவர்கள் யார் என்பதையும் பார்க்கவேண்டும். பிறிஸ்ரல் பல்கலைக்கழகம் விண்ணப்பதாரரின் பாடசாலைப் பின்னணியைக் கணக்கில் எடுக்கிறது என்று 2003இல் சர்ச்சை எழுந்தபோது, அதைப் புறக்கணிக்கும்படி அறிவித்தவை தனியார் பாடசாலைத் தலைமையாசிரியர்களின் அமைப்புகள். அவர்களுடைய நலனுக்கு அது பொருத்தமான கோரிக்கை. அதே ஏ லெவல் தரங்களோடு பல்கலைக்கழகம் புகுந்தவர்களில் தனியார் பாடசாலை மாணவரைவிட அரச பாடசாலை மாணவர் நல்ல பட்டம் பெறுகிறார்கள் என்பதை, அப்போது உயர்கல்விக்கு நிதி வழங்கிவந்த அரச நிறுவனமே 2014இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியது. ஒரே புள்ளி இரண்டு பிள்ளைகளிடம் இரண்டு வெவ்வேறு உழைப்பைக் குறிக்கிறது. கிழக்கு லண்டன் கடையின் மேல்மாடியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளையின் தகப்பன், ஈற்றன் கல்லூரியின் வாதத்தைத் தன் வாதமாகப் பேசுவது ஏன்?

இந்த அளவுகோல்கள் குறையற்றவை அல்ல. ஈஸ்ற்ஹாமில், ஒரு கட்டிலில் தங்கையோடு படுத்து, சமையலறை மேசையில் படிக்கும் மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். லண்டனில் பல்கலைக்கழகம் செல்வோர் தொகை பொதுவாகவே அதிகம் என்பதால் அவளது முகவரி 'குறைந்த பகுதி' என்ற கணக்கில் வராது. பதினொரு வயதில் போட்டிப் பரீட்சை எழுதி கிராமர் பாடசாலைக்குப் போயிருந்தால் பாடசாலை அளவுகோலும் அவளுக்கு உதவாது. தகப்பன் பேராதனையில் பட்டம் பெற்றுவிட்டுப் பெற்றோல் செற்றில் இரவு வேலை செய்பவர் என்றால், 'குடும்பத்தில் முதல் பட்டதாரி' என்ற பெட்டியிலும் அவள் குறியிட முடியாது. எஞ்சுவது இலவச மதிய உணவு ஒன்றுதான். அதற்கு விண்ணப்பிக்கத்தான் எம்மவர் மானம் பார்க்கிறார்கள். லண்டனில் 2023இல் இருந்து அரச ஆரம்பப் பாடசாலைகளில் எல்லோருக்கும் உணவு இலவசம் என்பதால், மேல்நிலைப் பாடசாலையில் தனியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. யூனிவேர்சல் கிரெடிற் பெறும் எல்லாக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் 2026 செப்ரெம்பரில் இருந்து இவ்வுணவு கிடைக்கும் என 2025இல் அரசு அறிவித்தது. சாப்பாட்டைப் பிள்ளை வீட்டில் இருந்து கொண்டுபோனாலும் பெயரைப் பதிந்து வைக்கவேண்டும். பல்கலைக்கழகம் பின்னர் சரிபார்ப்பது அந்தப் பதிவைத்தான்.

இவ்வளவும் பேசிய பிறகும், தரங்களோ கூற்றோ எதுவும் செல்லுபடியாகாத ஒரு இடம் இருக்கிறது. அது விசா. 2025-26 கல்வியாண்டில் உள்நாட்டு மாணவரின் கட்டணம் ஆண்டுக்கு உச்சமாக 9,535 பவுண். அதற்கு அரச கடன் உண்டு. 2023 ஓகஸ்ற் முதல் தொடங்கியவர்கள் 25,000 பவுணுக்கு மேற்பட்ட வருமானத்தில் 9 வீதத்தை, அதிகபட்சம் 40 ஆண்டுகளுக்குத் திருப்பிச் செலுத்துவார்கள். வெளிநாட்டு மாணவர் என்று வகைப்படுத்தப்பட்டால் கட்டணம் பல இடங்களில் 20,000 பவுணைத் தாண்டும். மருத்துவத்தில் 40,000ஐயும் தாண்டும். அரச கடன் கிடையாது. ஐந்து வயதில் வந்து, ஒரே வகுப்பில் படித்து, ஒரே தரங்கள் எடுத்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி இந்தப் பக்கமும் மற்றவள் அந்தப் பக்கமும் நிற்பாள். பிள்ளைக்குப் பதினேழு வயதாகும்வரை பெற்றோர் இதைச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த குடும்பங்களும் உண்டு.

அகதி அந்தஸ்து கிடைத்தவருக்கு உள்நாட்டுக் கட்டணமும் கடனும் உண்டு. மூன்று ஆண்டு வதிவு என்ற நிபந்தனை அவருக்கு இல்லை. தஞ்சக் கோரிக்கை முடிவின்றி இருப்பவருக்கு அரச கடன் இல்லை. பல்கலைக்கழகங்கள் சில வழங்கும் தஞ்ச உதவித்தொகைகள்தான் அவருக்கு வழி. அவற்றின் முடிவுத் திகதிகள் தனியானவை. இவ்விரண்டுக்கும் நடுவே, வரையறுக்கப்பட்ட கால அனுமதியோடு வளரும் பிள்ளைகள் ஒரு பெருங்கூட்டம். அவர்களுக்கான கதவை 2015 யூலையில் உச்ச நீதிமன்றத்தில் திறந்தவர் சம்பியாவில் இருந்து சிறுமியாக வந்த போரிஸ் ரிகேரே என்ற மாணவி. மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவர் வென்றார். அதன் பின்னர் வந்த விதியின்படி பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் ஏழு ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருக்க வேண்டும். பதினெட்டைத் தாண்டியவர் தன் ஆயுளில் பாதியையோ இருபது ஆண்டுகளையோ இங்கு கழித்திருக்க வேண்டும். இரு சாராருக்கும் கற்கைநெறிக்கு முந்திய மூன்று ஆண்டுகள் சட்டபூர்வமான வதிவு வேண்டும். அனுமதியைப் புதுப்பிக்கும்போது ஒரு மாத இடைவெளி விழுந்தாலும் அந்த மூன்று ஆண்டுக் கணக்கு சிக்கலாகும்.

இங்கேயே பிறந்து, முதல் பத்து ஆண்டுகளும் இங்கேயே வாழ்ந்த பிள்ளைக்கு, பெற்றோரின் விசா எதுவாக இருந்தாலும், பிரித்தானியப் பிரஜையாகப் பதிவுசெய்யும் உரிமையை 1981ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கொடுத்திருக்கிறது. அது தானாகக் கிடைக்காது; விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பத்து ஆண்டுகளில் எந்த ஓர் ஆண்டிலும் 90 நாட்களுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்திருக்கக்கூடாது. அகதி அந்தஸ்தைத் தற்காலிகமானதாக்கி, 30 மாதங்களுக்கு ஒருமுறை மீளாய்வு செய்யும் திட்டத்தை 2025 நவம்பரில் அரசு முன்வைத்தது. யூகாஸ் படிவத்தில் வதிவு பற்றிய பகுதியைப் பிள்ளை தனியாக நிரப்புகிறது; கடவுச்சீட்டும் வதிவு ஆவணமும் தகப்பனின் அலுமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. பன்னிரண்டாம் ஆண்டு தொடங்கும்போதே அவற்றை வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டால், ஒரு குடிவரவுச் சட்டத்தரணியைக் கேட்பதற்கு ஓர் ஆண்டு அவகாசமாவது மிஞ்சும்.